நாடா கோக்கும் வேலை

கத்திரி வெயில் நாட்களில், சென்னையில், இரவு பதினோரு மணிக்கு ஒருவன் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, கையில் லைட்டரோடு உட்கார்ந்திருந்தால் வீட்டில் இருப்பவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். அம்மா பயப்படவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். என் கையில் ஒரு முழத்துக்கு மேல் நீண்ட கறுப்புக் கயிற்று உறை. அதற்குள் மஞ்சள் ஒயர் ஒன்று பாதி தூரம் போய், மேலே போக மறுத்து நின்றது.

"பாவாடைக்கு நாடா கோக்கிறாயா?" என்றார்.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளை ஒயர்களுக்குத் துணி உறை போடுகிறேன் என்றேன்.

"அதைத்தானே நானும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அம்மா தையல் தொழில் செய்தவர். பெரம்பூரில் இதே முன்னறையில் முப்பது வருடம் ரவிக்கையும் பாவாடையும் தைத்திருக்கிறார். கண் மங்கிய பிறகு மிஷினின் தலையை உள்ளே மடக்கிப் பலகையைப் போட்டு மூடிவிட்டார். அந்தப் பலகைதான் இப்போது என் பட்டறை. நான் ஏதோ எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் யாரும் பதில் சொல்லாத கேள்விகளுக்கெல்லாம் அந்த மிஷினின் சொந்தக்காரரிடம் பதில் இருந்தது என்பது மூன்றாவது வாரத்தில்தான் எனக்கு உறைத்தது.

வம்பு தொடங்கியது ஒரு கண்ணாடியால். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கம்ப்யூட்டர் கேபினெட் வாங்குவது, வாசல் கதவைத் திறந்துபோட்டுக் குடித்தனம் நடத்துவது மாதிரி. அதுவரை தகரத்துக்குப் பின்னால் மானமாக இருந்த ஒயர்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறைப்படி 12 வோல்ட்டுக்கு மஞ்சள், 5 வோல்ட்டுக்குச் சிவப்பு, 3.3 வோல்ட்டுக்கு ஆரஞ்சு, எர்த்துக்குக் கறுப்பு. இவை போக பச்சை, ஊதா, சாம்பல், நீலம் என்று ஒவ்வொன்று. பழுது பார்ப்பவருக்கு இந்த நிறங்கள் வரம். கண்ணாடி வழியாகப் பார்க்கிறவனுக்கு மாட்டுப் பொங்கலுக்கு வர்ணம் அடித்த கொம்புகள்.

இதற்குச் சுலபமான வழி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறை போட்ட நீட்டிப்பு கேபிள்கள் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பழைய கேபிளின் முனையில் செருகினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். புத்தி உள்ளவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். உறை போடுவதால் கம்ப்யூட்டரின் வேகம் ஒரு துளியும் கூடாது. பவர் சப்ளையின் உத்தரவாதம் போகக்கூடும். எனக்கு இவை எல்லாம் தெரியும். ஆனாலும் பழைய கேபிளின் நீளத்தையும் நீட்டிப்பின் நீளத்தையும் சேர்த்துப் பின்பக்கம் திணித்து வைப்பது, விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது போலத் தோன்றியது. அந்த வீம்புக்கு நான் கொடுத்த விலை மூன்று வார இறுதிகள்.

வலைபோல விரியும் பிளாஸ்டிக் உறை ஒன்று உண்டு. பெரம்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் அரசினர் தோட்டம் போய், அங்கிருந்து நடந்து ரிச்சி தெருவில் நான் முதலில் கேட்டது அதைத்தான். கிடைத்தது. ஆனால் ஒரு ஒயரில் மாட்டிப் பார்த்தால் வலைக் கண்கள் வழியே உள்ளே இருக்கும் மஞ்சள் பல்லிளிக்கிறது. உள்ளே இருக்கும் இழைகளை உருவிவிட்டு உறையாக்கிக்கொள்ளக்கூடிய பாராகார்டு என்ற நைலான் கயிறு இருக்கிறதா என்று விசாரித்தேன். "ஒயர் எத்தனை ஸ்கொயர் எம்எம்?" என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர். பவர் சப்ளைக்காரர்கள் பேசுவது அமெரிக்க கேஜ் கணக்கு. அதில் எண் கூடக் கூட ஒயர் மெலியும். என்னுடையது 18. நம் ஊர்க் கணக்கில் சுமார் 0.82 சதுர மில்லிமீட்டர். பிளாஸ்டிக் தோலோடு சேர்த்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். இதையெல்லாம் சொன்னதும் டிரான்ஸ்பார்மருக்குப் போடும் ரப்பர் போன்ற ஒரு குழாயை எடுத்து நீட்டினார். பாரிமுனையில் ஒரு கயிற்றுக் கடையில் நைலான் கயிறு நிறையவே இருந்தது. ஆனால் அது உள்வரை பின்னிய கயிறு. குடைந்தெடுக்க அதற்குக் குடலே இல்லை. கடைசியில் இணையத்தில்தான் வாங்கினேன்.

பாராகார்டு என்பது பாராசூட் கயிறு. முன்பு பாராசூட்டுகள் பட்டில் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு வருவது நின்றுபோக, 1935இல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்திருந்த நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. அமெரிக்க ராணுவத்தின் மூன்றாம் வகைக் கயிற்றுக்கு 550 என்று பெயர் வந்தது 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ வரை அறுபடாமல் தாங்க வேண்டும் என்ற நிபந்தனையால். 1997இல் டிஸ்கவரி விண்கலத்தில் போனவர்கள் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்த்தபோதும் இந்தக் கயிற்றைப் பயன்படுத்தினார்கள். அத்தனை பெருமை உள்ள கயிற்றை வாங்கி, அதன் பலத்தை எல்லாம் உருவி எறிந்துவிட்டு, வெறும் சட்டையை மட்டும் வைத்துக்கொள்வதுதான் நம் வேலை. உள்ளே 7 வெள்ளை இழைகள் இருக்கின்றன. ஒரு முனையில் அவற்றைப் பிடித்துக்கொண்டு உறையைப் பின்னுக்குத் தள்ளினால் பாம்புச் சட்டை மாதிரி கழன்று வருகிறது. இந்தத் தொழில் முழுவதிலும் சுகமான நிமிடம் இது ஒன்றுதான்.

கணக்குப் போட்டேன். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளில் 20ஆம் இடம் காலி. பழைய காலத்து மைனஸ் 5 வோல்ட் குடியிருந்த இடம் அது, இப்போது ஆளில்லை. ஆக 60 சென்டிமீட்டரில் 23 ஒயர்கள். பிராசசருக்கு 65 சென்டிமீட்டரில் 8. கிராஃபிக்ஸ் கார்டுக்கு 60 சென்டிமீட்டரில் 16. ஒயர் மேல் ஏறும்போது உறை அகலத்தில் விரிந்து நீளத்தில் குறுகும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 3 சென்டிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும். மொத்தம் 30 மீட்டர் சொச்சம். 100 அடிக் கண்டு வாங்கினேன், அது 30.48 மீட்டர். எதுவும் வீணாகாவிட்டால் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் வரும். எதுவும் வீணாகாது என்று நினைத்தவனை என்னவென்று சொல்வது.

வேலைக்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். கேபிள்கள் பவர் சப்ளையோடு ஒட்டியே வருமானால் உறை போட ஆசைப்பட்டு அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். என்னுடையதில் கேபிள்களை இரண்டு முனையிலும் கழற்றலாம் என்பதால்தான் துணிந்தேன். அடுத்தது, கழற்றி மாட்டும் கேபிள்களின் பவர் சப்ளைப் பக்கத்து முனைக்குப் பொதுவான விதி கிடையாது. எந்த ஓட்டையில் எந்த வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயும் மாறலாம். ஆனால் செருகினால் கச்சிதமாகப் பொருந்தித் தொலைக்கும். சில வருடங்களுக்கு முன் பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகினேன். ஹார்டு டிஸ்க் சத்தமில்லாமல் செத்தது. அக்கா மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதோடு போயின. அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. இன்னும் கேட்கிறாள்.

அதனால் இந்த முறை ஒயரைத் தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்தேன். ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் காகித டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். உறைக்குள் போனபின் மஞ்சளும் சிவப்பும் ஒன்றுதானே. ஒன்றைக் கழற்றி, உறை போட்டு, அதே ஓட்டையில் திரும்பச் செருகிய பிறகே அடுத்தது.

கழற்றுவது தனிக் கலை. ஒயர் முனையில் இருக்கும் உலோகக் குப்பியின் இரண்டு பக்கமும் மெல்லிய முள் ஒவ்வொன்று விரிந்து நிற்கும். வெள்ளை பிளாஸ்டிக் கூட்டுக்குள் போனதும் மீன் தூண்டில் போலப் பிடித்துக்கொள்ளும். அதற்கென்று விற்கும் கருவி முதல் நாளே வளைந்துவிட்டது. ஸ்டேப்ளர் பின் இரண்டை நிமிர்த்திப் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகுவதே மேல். ஒயரை இழுப்பதற்கு முன் உள்ளே ஒரு தள்ளு தள்ள வேண்டும். அப்போது முள்ளின் மேல் இருக்கும் அழுத்தம் விடும். பின்கள் இரண்டும் முள்ளை அமுக்கும் இடம் விரலுக்கு ஒரு சின்ன தளர்வாகத் தெரியும். பிறகு இழுத்தால் வெண்ணெய். தெரிவதற்கு முன் இழுத்தால் குப்பி அங்கேயே நிற்கும், ஒயர் மட்டும் கையோடு வரும்.

கோப்பதற்கு வருகிறேன். மூன்று நாட்களில் எட்டுத் துண்டுகளைப் பாழாக்கியிருந்தேன். குப்பியின் முள் உறையின் நூலில் மாட்டி இழுத்து, பின்னலே கோரையாகக் கிளம்பிவிடும். நாடா கோக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போன அம்மா மறுநாள் மாலை காப்பியோடு வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒயர் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஊக்கைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது நாடா கோப்பார்களாடா?"

அவ்வளவுதான். முள்ளின் மேல் செல்லோ டேப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றிக் கூம்பாக முறுக்கினேன். ஊக்கு மூடிக்கொண்டது. அடுத்த பாடம், நான் ஒயரைத் தள்ளிக்கொண்டிருந்தது. "அதை ஏன் தள்ளுகிறாய்? அதை அசைக்காமல் பிடி. துணியைச் சுருக்கிச் சுருக்கி அதன் மேல் ஏற்று. பிறகு நீவி விடு." என் கையிலிருந்து வாங்கினார். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குப்பியைப் பிடித்திருக்க, வலது கை உறையை இரண்டு அங்குலம் கொசுவமாக்கி ஏற்றியது. பிடி மாறியது. கொசுவம் பின்னால் நீவப்பட்டது. மீண்டும் கொசுவம். பார்வை எங்கோ ஜன்னல் பக்கம் இருந்தது. விரல்கள் தம்பாட்டுக்குக் கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்துபோயின. எனக்கு இருபது நிமிடம் பிடித்ததை அவர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார். டீவியில் தொடர் ஆரம்பிக்கும் சத்தம் கேட்டதும் பாதி காப்பியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

உறையின் இழுவிசையும் தையல் பாடம்தான். இடுப்பு எலாஸ்டிக் தைப்பதுபோல ஒரு முனையை முதலில் கட்டிப்போட வேண்டும். பிறகு மறுமுனை வரை நீவி இழுத்து, உறை இனிக் கொடுக்காது என்ற இடத்தில் வெட்டி, அங்கேயே பிடித்து உருக்க வேண்டும். தளர விட்டால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். நாளடைவில் இடுப்பில் நிற்காத வேட்டி மாதிரி நழுவி, முனையில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

உருக்குவதற்குத்தான் அந்த லைட்டர். மின்விசிறி சுற்றினால் சுடர் ஆடும். ஆடும் சுடரின் மஞ்சள் நுனி பட்டால் கரி அப்பும். அடியில் இருக்கும் நீலப் பகுதியைத்தான் காட்ட வேண்டும், அதுவும் ஒரு விநாடி. காசிமேட்டில் மீனவர்கள் நைலான் கயிற்றின் நுனியைத் தீயில் காட்டிப் பிரியாமல் முடிப்பார்கள் அல்லவா, அதே தந்திரம். ஆனால் அவர்கள் செய்வது போல உருகிய நுனியை விரலால் நசுக்கப் போனேன். நைலான் உருகுவதற்கு 220 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகியது தோலில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழாது. இடது கட்டைவிரலில் மிளகளவு கொப்புளம் ஒரு வாரம் இருந்தது. பிறகு வேறு வழிக்கு மாறினேன். சூடு பட்டால் சுருங்கும் கறுப்புக் குழாயில் ஒரு துண்டை உறை முடியும் இடத்தின் மேல் ஏற்றிச் சூடு காட்டினால், அது சுருங்கி உறையை நெரிக்கும். உள்ளே நைலான் இளகிக் குப்பியின் கழுத்தைப் பற்றும். சூடு ஆறுவதற்குள் குறடால் குழாயை உருவி எடுத்துவிட வேண்டும். அதற்கு அடியில் வழவழவென்று ஒரு வளையம், கடையில் வாங்கியது போல. கறுப்பு நிறம் இதற்கு ஏற்றது. வெள்ளையில் செய்தால் முனை டீக்கறையாகப் பழுக்கும்.

13ஆம் இடத்துக்கு வந்தபோது ஒரு குப்பியிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்பின. ஒன்று 3.3 வோல்ட்டின் வழக்கமான ஒயர். கூடவே மெல்லியதாக இன்னொன்று. மதர்போர்டுக்கு உண்மையில் எவ்வளவு வோல்ட் போய்ச் சேர்கிறது என்று வேவு பார்த்துப் பவர் சப்ளைக்குச் சொல்லும் ஒயர் அது. வேண்டாத உபரி என்று எண்ணி வெட்டிவிடாதீர்கள். இரண்டையும் ஒரே உறைக்குள் அனுப்ப ஒரு மாலைப் பொழுது போனது.

அந்த இடத்துக்கு முன்பே கயிறு தீர்ந்திருந்தது. பாழான எட்டின் கணக்கு அங்கே வந்து நின்றது. 24 பின்னில் இன்னும் எட்டு ஒயர் பாக்கி. அதே கறுப்பு கையிருப்பில் இல்லை என்றது விற்ற இடம். நிறங்களின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். அதில் ஆங்கிலத்தில் பர்கண்டி என்று எழுதியிருந்ததை "இது அரக்கு" என்றார். "கறுப்பு உடம்புக்கு அரக்குக் கரை. போடு." நல்ல வேளையாக, காலியாக இருந்த 20ஆம் இடத்தை அடையாளமாக வைத்து நடுவிலிருந்து தொடங்கியிருந்தேன். மிச்சம் இருந்தது இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு வரிசை, சரியாக எட்டு. பார்க்கிற நண்பர்கள் எல்லாம் நிறத் தேர்வைப் பாராட்டுகிறார்கள். நானும் மறுப்பதில்லை.

எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரில் ஒவ்வொரு ஒயரையும் முனைக்கு முனை ஒலிக்கவிட்டுச் சோதித்தேன். பிறகு பவர் சப்ளையை மட்டும் பிளக்கில் மாட்டி, 16ஆம் இடத்துப் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்தேன். அந்த இரண்டும் சேர்ந்தால்தான் பவர் சப்ளை விழிக்கும். விழித்தது. 12 இருக்க வேண்டிய இடத்தில் 12.1, 5க்கு 5.03, 3.3க்கு 3.31. ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பது விதி. நான் அதற்கு வெகு உள்ளே இருந்தேன். கேபினெட்டில் எல்லாவற்றையும் பூட்டி, சீப்பு என்று சொல்கிற பிளாஸ்டிக் பட்டைகளை மாட்டி, ஒயர்களை வாரி வரிசைப்படுத்தி, பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மூன்று வாரமும் கண்முன் ஓடியது. அன்று செத்த ஹார்டு டிஸ்க்கும் ஓடியது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மீட்டர் வைத்தேன். எல்லாம் சரி. மறுபடி மாட்டினேன். பிணம். இரவு ஒரு மணிக்கு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு 24 பின்னின் பின்புறத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒரே ஒரு குப்பி மட்டும் கூட்டுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. எண் 16. கழற்றும்போது ஸ்டேப்ளர் பின் அதன் முட்களைத் தட்டையாக்கிவிட்டிருந்தது. திரும்பச் செருகும் முன் பிளேடு நுனியால் முள்ளை நிமிர்த்தவில்லை நான். மீட்டரின் ஊசிக்கும் ஜெம் கிளிப்புக்கும் அது எட்டியது. மதர்போர்டின் பின் எதிரே வந்து முட்டியதும் பின்வாங்கிவிட்டது. முள்ளை நிமிர்த்தி, 'டிக்' என்ற சத்தம் காதில் விழும் வரை தள்ளினேன். விசிறிகள் சுற்றின. அந்த 'டிக்'கை 47 ஒயரிலும் காதால் கேட்டு, பிறகு ஒயரை லேசாக இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

உருவி எறிந்த வெள்ளை இழைகள் 200 மீட்டருக்கு மேல் தரையில் நரைமுடி மாதிரி கிடந்தன. குப்பைக்குப் போகும் முன் அம்மா கைப்பற்றி அட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். மொட்டைமாடி அவரைக்கொடி இப்போது பாராசூட் குடலில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை கண்ணாடி வழியே காட்டினேன். அம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார். கரை இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று விரலை வைத்து அளந்தார். "மூன்றாவதில் பின்னல் முறுக்கியிருக்கிறது" என்றார். முறுக்கித்தான் இருந்தது; நான் அதுவரை பார்க்கவில்லை. வேறு தையல்காரர் தைத்த ரவிக்கை எது கைக்கு வந்தாலும் அம்மா முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். அது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"சரி, பின்பக்கத்தைத் திறந்து காட்டு."

பின்பக்கம், தகவல் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டா கேபிள்கள் இருக்கின்றன. அவற்றின் முனைகள் ஒயரைக் கடித்துப் பிடிக்கும் வகை. கழற்றி உறை போடுவது பெரும்பாடு. மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சுமாக அவற்றை அப்படியே சுருட்டித் திணித்துக் கதவை முழங்காலால் அழுத்தி மூடியிருந்தேன்.

"ஸ்க்ரூடிரைவரை எங்கேயோ வைத்துவிட்டேன் அம்மா" என்றேன்.

"மிஷின் இழுப்பறையில் இருக்கிறது" என்றார்.